79 வயது அப்பாவுக்குக் கொலோனோஸ்கோபி: குடலைச் சுத்தம் செய்ய எந்த மருந்து?

ஆர்.கே. புரம் மகள் (சனிக்கிழமை காலை):
அப்பாவுக்கு வரும் வியாழக்கிழமை காலை 11 மணிக்குக் கொலோனோஸ்கோபி (கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை). சர்க்கரை நோய் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6, கொஞ்சம் அதிகம். போன கோடையில் சோடியம் குறைந்து மயங்கி விழுந்தார். மருத்துவர் எழுதியது இரண்டு லிட்டரில் கரைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. "அவ்வளவையும் என்னால் குடிக்க முடியாது" என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். மருந்துக் கடையில் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டி, வயதானவர்களுக்கு இதுதான் லேசு என்றார்கள். அட்டையில் சோடியம் பாஸ்பேட் என்று இருக்கிறது. குடலைச் சுத்தம் செய்யும் பிகோசல்பேட் என்ற இன்னொரு மருந்தும் பாக்கெட்டில் இருக்கிறதாம். எதை வாங்குவது?

ஓய்வுபெற்ற செவிலியர், மயூர் விஹார்:
அந்த பாட்டிலைத் தொடவே வேண்டாம் அம்மா. அளவு குறைவு என்பதால் உடம்புக்கு லேசு என்று ஆகிவிடாது. பாஸ்பேட் உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துத்தான் வேலை செய்கிறது. வறண்ட உடம்பில் பாஸ்பேட் ஏறினால் சிறுநீரக நுண்குழாய்களில் கால்சியம் பாஸ்பேட் படிந்து, சிறுநீரகமே செயலிழக்கலாம். முதியவர்களுக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், உங்கள் அப்பா சாப்பிடும் வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது.

பிகோசல்பேட் அந்த அளவுக்கு மோசமில்லை. பலருக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. ஆனால் அதனுடன் வெறும் தண்ணீராகக் குடித்தால் சோடியம் இறங்கும். ஏற்கெனவே ஒருமுறை இறங்கியவருக்கு, ரத்த அழுத்த மாத்திரையில் சோடியத்தைக் குறைக்கும் தயசைடும் எடுப்பவருக்கு, எதற்கு அந்தச் சோதனை? அதிலுள்ள மக்னீசியத்தையும் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். மருத்துவர் எழுதிய பொடியே சரி. அதில் உப்புகள் அளவாகக் கலந்திருப்பதால் உடம்பின் நீரும் உப்பும் பெரிதாக அசையாது.

துவாரகாவாசி:
என் அம்மாவும் இதே கரைசலைத்தான் குடித்தார். இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். முந்தைய நாள் மாலை ஒரு லிட்டர், மறுநாள் விடியற்காலை ஒரு லிட்டர். குளிர்ந்திருந்தால் அந்த உப்புச் சுவை நாக்கில் அவ்வளவாக நிற்காது. சிறு டம்ளரில் ஊற்றி, ஸ்ட்ராவை நாக்கின் பின்பக்கம் வைத்து உறிஞ்சச் சொன்னோம்; நடுநடுவே எலுமிச்சைத் துண்டை முகர்ந்துகொண்டார். முந்தைய நாள் சப்பாத்தி, கீரை, தக்காளி, கொய்யா எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம் போதும். வெயிலுக்கு இளநீர் கொடுக்கலாம்.

ஓய்வுபெற்ற செவிலியர், மயூர் விஹார்:
இளநீர் மட்டும் வேண்டாம் ஐயா. அதில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தை ஏற்றும். இந்த சிறுநீரகத்துக்கு இரண்டும் சேர்ந்தால் பாரம். மற்றபடி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. பிரித்துக் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும், வாந்தியும் குறையும். 11 மணிப் பரிசோதனைக்கு இரண்டாவது லிட்டரைக் காலை ஐந்தரை வாக்கில் தொடங்கி எட்டு மணிக்குள் முடிக்கலாம். படுத்தபடி குடிக்க விடாதீர்கள்.

ஆர்.கே. புரம் மகள்:
நன்றி அம்மா. மருத்துவர் எழுதியதையே வாங்கிவிட்டேன். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் டாபாக்லிஃப்ளோசினும் எடுக்கிறார். அவற்றை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற செவிலியர், மயூர் விஹார்:
இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். டாபாக்லிஃப்ளோசினைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள். அதை எடுத்தபடி பட்டினி இருந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும். கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டு உணவில்லாமல் இருந்தால் சர்க்கரை இறங்கும். ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சர்க்கரை பார்க்கும் கருவி பக்கத்திலேயே இருக்கட்டும். இறங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். சிவப்பு நிறப் பானம் வேண்டாம், குடலில் ரத்தம்போலத் தெரியும்.

புதன் இரவு கழிப்பறை விளக்கை அணைக்காதீர்கள். அவசரமாக எழுந்து ஓடும்போதுதான் விழுவார்கள். யாராவது ஒருவர் அவர் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.