எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) மதிப்பீட்டில் "படம் எங்கே?" என்று கேட்டார்களா? கடற்படைக் கப்பலில் பயிற்சி எடுத்தவர்கள் சொல்லுங்கள்

பாகான் பையன் (பட்டர்வொர்த்)

எஸ்எல்டிஎன் (வேலையிடத்திலும் பயிற்சி மையத்திலும் மாறி மாறிப் பயிலும் திட்டம்) வழியாக எஸ்கேஎம் மூன்றாம் நிலை முடித்தவன். மெக்கானிக்கல். எந்தக் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். எஸ்எல்டிஎன் எப்படி நடக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு வருவது முழுக்க ரோந்துக் கப்பல்கள். கேட்டிலேயே கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். வேலியில் 'தடை செய்யப்பட்ட இடம்' என்கிற அந்தச் சிவப்புப் பலகை இருக்கும், சிப்பாய் துப்பாக்கி நீட்டுகிற படம் போட்டது. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஆனால் பயிற்சி மையத்தில் கொடுத்த போர்ட்ஃபோலியோவில் ஒவ்வொரு திறன் பிரிவுக்கும் படம் ஒட்ட ஒரு கட்டம். கார் பட்டறையில் பயிற்சி எடுத்த பையன்கள் கலர் கலராக ஒட்டி வைத்திருந்தார்கள். என்னுடையதில் பென்சிலால் வரைந்ததுதான். பக்கத்தில் அளவுகள், தேதி, கோச் (யார்டில் பயிற்சி தருபவர்) கையெழுத்து.

மதிப்பீட்டு நாளில் வந்த பிபிஎல் (வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பு அதிகாரி) அதட்டுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஷாஃப்ட் அலைன்மெண்ட் (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டை நேர்படுத்துவது) பக்கத்தில் நின்றுவிட்டார்.

"படம் எங்கே?"

"எடுக்க விடமாட்டார்கள், துவான்."

"எந்தக் கப்பல்?"

கோச்சைப் பார்த்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வந்தது இதுதான்: "ஒரு கப்பல், துவான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிபிஎல் சிரிக்கவில்லை. என் போர்ட்ஃபோலியோவை மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளும் பென்சிலும் நீட்டினார். வரைந்தேன். ஸ்டெர்ன் டியூப் (ஷாஃப்ட் வெளியே போகும் பின்பக்கக் குழாய்), நடுவில் பேரிங், கப்ளிங், டயல் கேஜ் எங்கே உட்காரும், சுற்றிலும் எந்த நான்கு இடத்தில் ரீடிங். "காலை ஐந்து மணி என்று எழுதியிருக்கிறாயே, ஏன்?" என்றார். வெயில் ஏறினால் டெக் சூடாகி கப்பலின் உடம்பே லேசாக வளையும். டயல் கேஜ் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும், அந்த வளைவு அதில் தெரியும், அதனால் விடியும் முன்பே எடுப்போம் என்றேன். டாக்கில் வைத்து எடுத்த அளவே போதாதா என்று அடுத்த கேள்வி. போதாது, தண்ணீரில் இறக்கியதும் உடம்பு வேறு மாதிரி உட்காரும், மிதக்கும்போது எடுப்பதுதான் கடைசி அளவு என்றேன். சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

'தெராம்பில்' (தேர்ச்சி) வந்துவிட்டது, அதில் குறை இல்லை. ஆனால் கப்பல் பேரைக் கேட்டாரே, நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா, வாயைத் திறக்கிறேனா என்று பார்த்தாரா? இன்றுவரை புரியவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

செந்தூல் பழையவர் (கோலாலம்பூர்)

தம்பி, சோதித்தார் என்றெல்லாம் பெரிதாக நினைக்காதே. படிவத்தில் எழுத ஏதாவது வேண்டும், கேட்டிருப்பார். நீ சொல்லாமல் விட்டது சரி.

என் கதை சின்னது. கடற்படையில் இஞ்சின் ரூமிலேயே கிடந்து ஓய்வு பெற்றவன். வெளியே வந்ததும் பிபிடி வழியாக எஸ்கேஎம் போட்டேன். செய்த வேலைக்குச் சான்று காட்டினால் வகுப்பில் உட்கார வேண்டாம், அனுபவத்தையே கணக்கில் எடுத்துச் சான்றிதழ் தருவார்கள். சான்றுக்கு எங்கே போக? கழட்டிய பம்பும் மாற்றிய லைனரும் கப்பலோடு போய்விட்டன. பேனலில் என் மகன் வயதில் ஒருவர். பணிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாக்சிக், இதில் நன்னடத்தை என்றுதான் போட்டிருக்கிறது. பம்ப் கழட்டினீர்கள் என்று எங்கே இருக்கிறது?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பழைய அதிகாரி ஒருவரைத் தேடிப்பிடித்துக் கடிதம் வாங்கி ஒப்பேற்றினேன்.

அதனால் இப்போது பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். லாக் புக்கை அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் ஒரே பேனா, ஒரே மை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும். பார்ப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. கோச்சின் கையெழுத்தையும் அன்றே வாங்குங்கள், அவர் வேலை மாறிப் போனால் உங்கள் பக்கம் வெறும் பக்கம். என்ன வேலை, என்ன கருவி, கழட்டும்போது என்ன அளவு, பூட்டும்போது என்ன அளவு, எங்கே தப்பாகி மறுபடி செய்தீர்கள், இது எல்லாம் இருக்கட்டும். கப்பல் பேர், எண், எந்த ஜெட்டி, வரைபட எண் எதுவும் வேண்டாம். 'ரோந்துக் கலம், துணை இஞ்சின்' போதும். அந்தச் சிவப்புப் பலகை விளையாட்டுக்கு மாட்டியதல்ல, அதற்குப் பின்னால் 1959-ல் வந்த சட்டம் இருக்கிறது. அது போதாதென்று 1972-ன் அதிகாரபூர்வ இரகசியச் சட்டம் வேறு. சான்றிதழுக்காகப் படம் எடுத்தேன் என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

படம் வேண்டுமென்றே அடம் பிடித்தால் ஒரு வழி உண்டு. கழட்டிய சாமான் பட்டறை மேசைக்கு வரும் அல்லவா, அங்கே பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, அவரையே எடுக்கச் சொல்லுங்கள். பெயர்த்தகடு இருந்தால் டேப் போட்டு மறையுங்கள். முடியாது என்று சொல்லிவிட்டால் அந்த மறுப்பையே கடிதமாக வாங்கிப் போர்ட்ஃபோலியோவில் வையுங்கள். அதுவும் சான்றுதான். அப்புறம் எந்த வேலை நாஸ் என்கிற தேசியத் தொழில் திறன் தரத்தில் எந்தத் திறன் பிரிவுக்குச் சேரும் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள், மதிப்பிடுபவர் தேட மாட்டார். மூன்றாம் நிலையோடு நிறுத்தவும் வேண்டாம். நான்கு டிகேஎம் (டிப்ளோமா), ஐந்து டிஎல்கேஎம் (உயர் டிப்ளோமா). கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிறை வெல்டர்

செந்தூல் ஐயா, கோபப்படாதீர்கள். நீங்கள் சொன்னது எல்லாம் ஆபீஸுக்கு. கப்பலில் கை வைக்க அது போதாது.

மூன்றாம் நிலை வெல்டிங் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கிளாஸ் சர்வேயர் (கப்பல் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பின் ஆய்வாளர்) வந்தார். மேசையில் வைத்தேன். மனிதர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் மேலேயே வைத்தார். வேண்டுமென்று இல்லை, காகிதம் இருப்பதையே அவர் கவனிக்கவில்லை. "கூப்பன் எங்கே?" அவ்வளவுதான். கூப்பன் என்றால் ஒட்டிக் காட்டும் சோதனைத் துண்டு.

6ஜி பொசிஷன். பைப்பை 45 டிகிரி சாய்த்துப் பூட்டிவிடுவார்கள், பைப் அசையாது, நாம்தான் சுற்றிச் சுற்றி வந்து ஒட்ட வேண்டும். முடித்ததும் டார்ச் லைட்டைப் பைப்புக்குள் விட்டு ரூட்டை, அதாவது ஒட்டின் அடிப்பக்கத்தை, பார்த்தார். விரலை உள்ளே விட்டுத் தடவினார். அப்புறம் துண்டு வெட்டி பெண்ட் டெஸ்ட். அந்த மெஷினில் துண்டு மடியும்போது ஏதாவது சத்தம் வருமா என்று நான் கேட்டுக்கொண்டு நின்றது இருக்கிறதே, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை. வெடிக்கவில்லை.

விஷயம் என்னவென்றால் எஸ்கேஎம் ஆயுளுக்கும் இருக்கும். ஐஎஸ்ஓ 9606-1 படி வாங்கிய வெல்டர் சான்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை கொடுப்பவர் தரப்பில் 'இவன் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறான்' என்று கையெழுத்து விழாவிட்டால் செத்துப்போகும். எந்த பொசிஷன், எந்த உலோகம், எவ்வளவு கனம் என்று அதற்கும் வரம்பு. இதில் எதைத் தகுதி என்பது? எஸ்கேஎம் வீண் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அந்தக் கூப்பன் மேசைக்கே என்னை விட்டிருக்கமாட்டார்கள்.

செந்தூல் பழையவர்

வீண் இல்லை என்கிறாய், பிறகு என்னோடு என்ன சண்டை? வெல்டருக்கு வேலையே சாட்சி, எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். ஃபிட்டருக்கு அப்படியா? பூட்டி மூடிவிட்டால் உள்ளே என்ன செய்தான் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் லாக் புக்.

பிஎம் மின்காரி (புக்கிட் மெர்தாஜாம்)

படப் பிரச்சினை எனக்கும் இருந்தது, ஆனால் நான் எழுத வந்தது வேறு.

எலெக்ட்ரிகல். மதிப்பீட்டுக்கு ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். கட்டுவதற்கு முன் 500 வோல்ட் மெக்கரை (இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்தேன். முள் கீழேயே கிடந்தது. ஒரு மெகஓம்கூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதே கதை. 'மின்சாரம் கொடுக்காதே' அட்டையை மாட்டிவிட்டு அப்படியே நின்றேன்.

"நேரம் ஓடுகிறது, ஓட்டிக் காட்டு" என்றார் மதிப்பிடுபவர்.

"ஓட்டமாட்டேன், என்சிக்."

"காலையிலிருந்து எல்லாரும் ஓட்டினார்களே!"

கப்பலில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே பெரும்பாலும் நியூட்ரலைக் கப்பலின் உடம்போடு இணைத்திருக்க மாட்டார்கள். ஒரு இடத்தில் கசிந்தால் பிரேக்கர் விழாது, கசிவைக் காட்டும் எர்த் லாம்ப் ஒன்று மங்கும், அவ்வளவுதான். இரண்டாவது இடத்திலும் கசியும்போதுதான் வேடிக்கை. அதனால் மெக்கர் பார்க்காமல் எதையும் ஓட்டக்கூடாது என்று முதல் வாரத்திலிருந்தே எங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னார்கள். அந்தப் பிரிவுக்கு 'பெலும் தெராம்பில்' (இன்னும் தேர்ச்சி இல்லை) போட்டார். பிறகு வேறு மோட்டாரில் மறுமதிப்பீடு வைத்துத் தேறிவிட்டேன்.

உறுத்துவது மதிப்பெண் இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது திரும்பிப் பார்த்தேன். என் அட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பையன் அதே மோட்டாருக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான்.

கெப்போங் அத்தை

என் அக்கா மகன் இங்கிலாந்திலேயே பிறந்தவன், பிளிமத்தில் டெவன்போர்ட் யார்டில் பயிற்சி எடுத்தான். அங்கே கடைசியில் எண்ட் பாயிண்ட் அசெஸ்மெண்ட் என்று ஒன்று வைத்து, பயிற்சி கொடுத்தவர்கள் அல்லாத வேறு ஆள் வந்து மதிப்பிடுவார்களாம். போர்ட்ஃபோலியோவை வைத்துக்கொண்டு உட்காரவைத்துப் பேசுவார்களாம். நீ என்ன ரிப்பேர் செய்தாய் என்று நான் கேட்டால் "பைப், சித்தி" என்பான். அவன் அம்மாவுக்கும் அதே பதில்தான். பாகான் பையனைப் படித்ததும் அவன் ஞாபகம்தான் வந்தது. ஆனால் ஒன்று, லங்காவியில் லீமா (கடல், வான் கண்காட்சி) நடக்கும்போது கப்பல் மேலேயே ஏறி ஊரே செல்ஃபி எடுக்கிறது. பயிற்சிப் பையன் ஒரு பம்பைப் படம் எடுத்தால்தான் நாடு கவிழ்ந்துவிடுமா?

பாகான் பையன்

அத்தை, லீமாவில் காட்டுவது வெளிப்பக்கம். துப்பாக்கியோடு நின்று சிரிக்கலாம். கீழே இஞ்சின் ரூமுக்கு யாரை விடுகிறார்கள்? எந்தப் பம்ப் எங்கே இருக்கிறது, எது கெட்டுப்போய்க் கிடக்கிறது என்பதுதான் சங்கதி. எனக்குப் படம் எடுக்கவேண்டும் என்று ஆசையில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை எங்களுக்கு மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

ஜெலுத்தோங் ரிவைண்டிங்

பிஎம் தங்கச்சி, நீங்கள் செய்தது பாதி சரி. ஓட்டாதது சரி. ஆனால் நின்றுகொண்டே இருந்தது ஏன்? மோட்டார் ஈரம் வாங்கியிருக்கும். பினாங்கு மழையில் பட்டறை மூலையில் கிடந்த எந்த மோட்டாரும் அப்படித்தான் காட்டும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் கடையில் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ரோட்டரை உருவிவிட்டு, உள்ளே பழைய குண்டு பல்பு இரண்டைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க எரியவிடுவோம். மெதுவாகச் சூடு ஏற வேண்டும், ஹீட் கன்னை வைத்து அவசரப்பட்டால் வார்னிஷ் போய்விடும். காலையில் ஆறவிட்டு மெக்கர் பாருங்கள். சூடாக இருக்கும்போது பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்துவிடக்கூடாது. ஒரு நிமிட ரீடிங், பத்து நிமிட ரீடிங் இரண்டையும் எழுதி வகுத்துப் பார்த்தால் காய்ந்ததா இல்லையா என்று தெரியும். உப்புத்தண்ணீர் புகுந்த மோட்டார் என்றால் கதையே வேறு, முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுத்துவிட்டுத்தான் பல்பு. இப்போது குண்டு பல்பு கிடைப்பதே கஷ்டம், எல்இடி சூடாகாது. கோழிக்குஞ்சுக்குப் போடுகிற பல்பு விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இதையெல்லாம் மதிப்பிடுபவரிடம் வாயால் சொல்லியிருந்தால் அங்கேயே தேறியிருப்பீர்கள்.

பிஎம் மின்காரி

அண்ணே, பல்பு விஷயம் எனக்கும் தெரியும். தேர்வு மேசையில் ராத்திரி முழுக்க பல்பு எரிய விடுவார்களா? ஈரமாக இருக்கலாம், காய வைக்க வேண்டும் என்று சொன்னேன். "நான் கேட்டது ஸ்டார்ட்டர்" என்றார். அந்த மோட்டார் இப்போது எங்கே இருக்கிறது என்று அங்கே படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் போய் ஒரு மெக்கர் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். பச்சை பெயிண்ட், டெர்மினல் பாக்ஸ் மூடியில் ஒரு ஸ்க்ரூ இல்லை.