பழைய மனச்சோர்வு மாத்திரைக்கு முன் ஈசிஜி: வடசென்னை அனுபவங்கள்

ராயபுரம், பொது மருத்துவர்:
அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மனச்சோர்வு மாத்திரைகளை எழுதுமுன் ஈசிஜி கேட்டால், "மனசுக்குத்தானே மாத்திரை, நெஞ்சுல எதுக்கு ஒயர்?" என்கிறார்கள். இவை இதயத்தின் சோடியம் வாசல்களை அடைத்து மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும். இதயத்தின் மின்பாதையில் ஏற்கெனவே பிளாக் (தடை) உள்ளவருக்கு அது முற்றலாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்கு எழுதவே கூடாது. நாற்பதைத் தாண்டியவர் என்றால் ஈசிஜி பார்த்தே தொடங்குவது நல்லது. இளைஞர்தான், ஆனால் காரணமில்லாமல் மயங்கி விழுந்திருக்கிறார், வீட்டில் சின்ன வயதில் திடீர் சாவு நடந்திருக்கிறது என்றாலும் அப்படியே. பிபியைப் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால், ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது விழுவார்.

தண்டையார்பேட்டை, ஈசிஜி டெக்னீஷியன்:
வெயிலில் நடந்து வந்தவரை உடனே படுக்கவைத்தால் வியர்வையில் எலக்ட்ரோடு ஒட்டாது, கோடு அலையும். துடைத்துவிட்டு, மூச்சு அடங்கியபின் எடுங்கள். தாள் செகண்டுக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடும்போது ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். கியூஆர்எஸ் (இதயக் கீழறைகளில் மின்னோட்டம் பரவுவதைக் காட்டும் கூர்முனை) அகலம் மூன்று சின்னக் கட்டத்தைத் தொட்டால் டாக்டர் பார்க்காமல் ஆளை அனுப்பாதீர்கள். கியூடி என்பது கீழறைகள் மின்தூண்டல் பெற்று மறுபடி தயாராகும் நேரம்; அதைத் துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்தியது கியூடிசி. மெஷின் அச்சடிக்கும் கியூடிசி பெரும்பாலும் பாசெட் கணக்கு. துடிப்பு வேகமாக இருந்தால் அது கூட்டிக் காட்டும், இந்த மாத்திரையோ துடிப்பையே ஏற்றும்! ஃப்ரிடெரிசியா கணக்கில் சரிபாருங்கள்: கியூடியை ஆர்ஆர் இடைவெளியின் (ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்புவரை) கனமூலத்தால் வகுக்க வேண்டும், ஆர்ஆர் செகண்டில். அதிலும் 500 மில்லிசெகண்ட் தாண்டினால் தொடங்கக் கூடாது.

வண்ணாரப்பேட்டை, மருந்துக்கடை:
ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கணும். சர்க்கரைக் கால் எரிச்சலுக்கு ஓரிடத்தில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி., மனசுக்கு இன்னோரிடத்தில் ஃப்ளூவாக்ஸெடின். பின்னது முன்னதை ஈரல் கரைக்கவிடாது, ரத்தத்தில் அளவு ஏறும். ஃப்ளூவாக்ஸெடினை நிறுத்தியும் சில வாரம் அந்த வேலை நடக்கும். நடுவில் நெஞ்சுச் சளிக்கு அசித்ரோமைசின், வாந்திக்கு டாம்பெரிடோன் சேர்ந்தால் கியூடி நீளும். பிபிக்கு நீர் மாத்திரை போடுபவருக்குப் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் கியூடி நீளும். வயிற்றுப்போக்கு கண்டவருக்கும்தான்.

ராயபுரம், பொது மருத்துவர்:
மேலே சொன்னது சரி. இரண்டாவது ஈசிஜிதான் எல்லோரும் விடுவது. 25 மி.கி.யில் எடுத்ததை நம்பி 100 வரை ஏற்றிவிடுகிறார்கள். டோஸை ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில், ரத்தத்தில் அளவு நிலைத்தபின், மறுபடி எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடணும். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், அதையும் வீட்டார் கையில் கொடுங்கள். மொத்தமாக விழுங்கினால் இதயத்தைக் கடுமையாகத் தாக்கும்.