ஹீல் கார்டு மடிக்கும்போது அலுமினியத் தகடு விரிசல் விடுகிறது, உதவி தேவை

சேற்றுப்பாதை:
வணக்கம். என் ஏடிவிக்கு (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஹீல் கார்டு, அதாவது குதிகால் பின்டயரில் படாமல் தடுக்கும் தகடு, நானே செய்யலாம் என்று இறங்கினேன். அட்டையில் மாதிரி வெட்டி, அதைத் தகட்டில் வரைந்து, ஜிக்சாவில் அறுத்து எடுத்தது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மடிக்கும்போதுதான் பிரச்சினை, மடிப்பின் வெளிப்பக்கம் விரிசல் விடுகிறது. மூன்று தகடு வீணாகிவிட்டது. நேற்று கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கியும் பார்த்தேன், விரிசல் வரவில்லை, ஆனால் ஒரு மூலை அப்படியே தொங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்க வேண்டும். என்ன தப்பு செய்கிறேன்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒற்றைச்சிலிண்டர்:
தகடு எத்தனை மில்லிமீட்டர்? என்ன ரகம்? எதில் வைத்து மடிக்கிறீர்கள், வைஸிலா, பெண்டிங் மெஷினிலா? வண்டி ஸ்போர்ட்டா, யூட்டிலிட்டியா? நெர்ஃப் பார் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் ஓடும் குழாய்ச் சட்டம்) இருக்கிறதா, இல்லை வெறும் ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) மட்டும்தானா? இவ்வளவும் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். ஒரு படம் போட்டாலும் போதும்.

பட்டறைக்காரன்:
சூடாக்கியது சரி, சூடாக்கிய விதம் தப்பு. அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது. சிவக்கட்டும் என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எச்சரிக்கையே இல்லாமல் உருகித் தொங்கிவிடும். காய்ந்த சோப்புக் கட்டியை மடிப்புக் கோட்டின் மேல் நன்றாகத் தேயுங்கள். டார்ச்சை அடிப்பக்கத்திலிருந்து காட்டி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். சோப்புக் கோடு பழுப்பாகி, பிறகு கறுக்கும். கறுத்ததும் டார்ச்சை எடுத்துவிட்டு, ஆறிய பிறகு மடியுங்கள். முரண்டே பிடிக்காது. இத்தனை வருடமாக இப்படித்தான் மடிக்கிறேன், ஒன்றுகூட உடைந்ததில்லை.

மணல்மேடு:
உலோகமே வேண்டாம் என்பது என் கட்சி. எச்டிபிஈ (கெட்டியான ஒரு பிளாஸ்டிக்) தகடு 10 மிமீ வாங்கி வெட்டி மாட்டுங்கள். கல்லில் அடிபட்டால் வளைந்து பழையபடி திரும்பிவிடும், துருவும் இல்லை, சேறும் அவ்வளவாக ஒட்டாது. மடிக்கவே தேவையில்லை, விரிசல் பேச்சுக்கே இடமில்லை.

பழைய_கியர்:
அலுமினியம் என்றால் ஒரே பொருள் என்று நினைத்துச் சுத்தியலை எடுப்பவர்களுக்கு இதையே எத்தனை தடவைதான் சொல்வது. 5052 வேறு, 6061 வேறு. ரகம் தெரியாமல் மூன்று தகட்டை வீணாக்கியவர் நான்காவதையும் வீணாக்கத்தான் போகிறார். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

வெல்டர்தம்பி:
அண்ணே, தெரியாததால்தானே கேட்கிறார். படித்துவிட்டு வா என்று விரட்டினால் அடுத்து யாரும் கேட்கவே மாட்டார்கள்.
சேற்றுப்பாதை, மிச்சத் துண்டு இருந்தால் அதன் இரண்டு பக்கமும் துடைத்துப் பாருங்கள். தகட்டில் ரகமும் பதமும் (எவ்வளவு கடினமாக்கியது என்ற குறி) மையில் அச்சிட்டிருப்பார்கள். பாதி அழிந்திருந்தாலும் பரவாயில்லை, தெரிகிற எழுத்தை அப்படியே எழுதுங்கள்.

சேற்றுப்பாதை:
3 மிமீ. பழைய இயந்திர மூடியிலிருந்து வெட்டிய தகடு. பின்பக்கம் 606 என்று தெரிகிறது, அடுத்த எண் அழிந்துவிட்டது, கொஞ்சம் தள்ளி டி6 என்று இருக்கிறது. ஸ்போர்ட் வண்டி, நெர்ஃப் பார் இல்லை. வைஸில் இறுக்கி மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடிக்கிறேன். 90 டிகிரி மடிப்பு, ஒரே கூர்மூலை. வேலையில் இருக்கிறேன், படம் இரவு போடுகிறேன்.

தகடுவேலை:
பெரும்பாலும் 6061-டி6 தான். அந்தத் தகட்டைக் கூர்மூலையில் 90 டிகிரி மடித்தால் விரிசல் விடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டி6 பதத்தில் அது உறுதியானது, ஆனால் நீட்சி குறைவு. மடிக்கும்போது உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அந்த வெளித்தோல் நீள வேண்டும், நீள முடியாத இடத்தில் பிளந்துவிடும். 6061-டி6க்கு உள்வளைவின் ஆரம் தகட்டின் தடிமனைப் போல் மூன்று நான்கு மடங்காவது வேண்டும். உங்கள் 3 மிமீ தகட்டுக்கு 9 முதல் 12 மிமீ ஆரம், அதாவது 20 முதல் 25 மிமீ விட்டமுள்ள குழாயை வைத்து அதன் மேல் வளைக்க வேண்டும். வைஸின் தாடை விளிம்பில் ஆரம் கிட்டத்தட்ட பூஜ்யம். 5052-எச்32 என்றால் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கே போதும், 10 மிமீ விட்டமுள்ள உருளைக் கம்பியிலேயே அமைதியாக மடியும்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க மறந்துவிட்டோம். மடிப்புக் கோட்டை எதால் போட்டீர்கள்? ஆணியாலோ ஸ்க்ரைபராலோ கீறியிருந்தால் விரிசல் அந்தக் கீறலில்தான் தொடங்கும். மார்க்கர் பேனாவால் போடுங்கள். அப்புறம், தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், மெல்லிய இழைக்கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும், அது தகட்டை உருட்டித் தயாரித்த திசை. மடிப்பு அந்த இழைகளுக்குக் குறுக்கே விழ வேண்டும். இழையோடு சேர்ந்து மடித்தால் சீக்கிரம் பிளக்கும்.

மடித்த பிறகு வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் தகடு அதன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நகத்தை மடிப்பின் மேல் இழுத்துப் பாருங்கள், எங்காவது சிக்கினால் அது விரிசலேதான், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் துண்டை வண்டியில் மாட்டாதீர்கள்.

பட்டறைக்காரன்:
இவ்வளவு கணக்கு எதற்கு? சோப்பு வைத்துச் சூடாக்கினால் 6061 கூட மடியும்.

தகடுவேலை:
மடியும், அதை மறுக்கவில்லை. மடிந்த பிறகு என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி. 6061-டி6 தகட்டின் தளர்வு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) சுமார் 276 மெகாபாஸ்கல். சூடாக்கி முழுதாகப் பதம் இறக்கிவிட்டால் அது 55 பக்கம் வந்து நிற்கும், ஐந்தில் ஒரு பங்கு. தானாக ஆறியதால் பழைய வலிமை திரும்பாது. திரும்ப வேண்டுமென்றால் 530 டிகிரி வரை ஏற்றி, தண்ணீரில் முக்கி, பிறகு 160, 170 டிகிரி அடுப்பில் மணிக்கணக்கில் வைக்க வேண்டும், அது வீட்டு டார்ச்சில் நடக்கிற வேலை இல்லை. சூடே காட்டாத 5052-எச்32 கிட்டத்தட்ட 193. ஆக, டார்ச் பட்ட 6061ஐ விடக் குளிர்நிலையில் மடித்த 5052 பல மடங்கு உறுதி. அதுவும் மடிப்பு இருக்கிற இடத்தில், விசை அத்தனையும் போய்ச் சேர்கிற இடத்தில்.

பட்டறைக்காரன்:
நான் செய்தது பெரும்பாலும் பெட்டி, மூடி, விளக்குத் தாங்கி மாதிரியான வேலைகள். அதில் உடையவில்லை என்பது உண்மை. காலைத் தாங்குகிற இடத்தில் செய்து பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய_கியர்:
ரகத்தைப் பாருங்கள் என்று நான் முதலிலேயே சொன்னதைத்தான் இப்போது எல்லோரும் நீட்டி முழக்குகிறீர்கள்.

வெல்டர்தம்பி:
மடிக்கவே வேண்டாம், இரண்டு துண்டாக வெட்டி டிக் வெல்டிங்கில் சேர்க்கலாம் என்று சொல்ல வந்தேன். ஆனால் 6061-டி6இல் வெல்டிங் பட்ட ஓரமும் இதே மாதிரிதான் மெத்தென்று ஆகிவிடும். 5052 வாங்கினால் 5356 ஃபில்லர் கம்பி (வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) போட்டு நல்ல வெல்ட் எடுக்கலாம். மடிக்கிற வசதி இருக்கும்போது மடிப்பதே மேல்.

மணல்மேடு:
அதனால்தான் சொல்கிறேன், பிளாஸ்டிக். பதமும் இல்லை, இழையும் இல்லை.

ஒற்றைச்சிலிண்டர்:
மணல்மேடு, ஹீல் கார்டு எதற்காக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வண்டி முன்னால் போகும்போது பின்டயரின் முன்முகம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஃபுட்பெக்கிலிருந்து குதிகால் பின்னால் நழுவி அதைத் தொட்டால், டயர் காலைத் தள்ளிவிடாது, கீழே இழுத்து அடியில் கொண்டுபோகும். கார்டு மேல் கால் விழுகிற விசையும் கீழ்நோக்கித்தான், அதுவும் கார்டின் பின் ஓரத்தில். அந்த நேரத்தில் 10 மிமீ பிளாஸ்டிக் தாங்கி எதுவும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தால், வளைந்து டயரைத் தொடும், டயர் அதையும் சேர்த்து இழுக்கும். வளைந்து திரும்பிவிடும் என்று நீங்கள் சொல்கிற குணம் வண்டியின் அடியைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டுக்கு அருமையான குணம், இந்த இடத்தில் அதுவே ஆபத்து.

மணல்மேடு:
என் வண்டியில் பிளாஸ்டிக் தகட்டுக்கு அடியில் நெர்ஃப் பார் குழாய் ஓடுகிறது, அதனால் எனக்கு அப்படி ஆகவில்லை. அடியில் குழாய் இருந்தால் பிளாஸ்டிக் போதும் என்பதில் மாற மாட்டேன்.

ஒற்றைச்சிலிண்டர்:
அடியில் குழாய் இருந்தால் சரி. இவர் வண்டியில் நெர்ஃப் பாரே இல்லையே, அதை நீங்கள் படிக்கவில்லையா?

மணல்மேடு:
இப்போதுதான் பார்த்தேன். அப்படியென்றால் அலுமினியமே போகட்டும். ஆனால் முழுத் தகடாகப் போடாதீர்கள், சேறு குவிந்து ஃபுட்பெக்கின் பல்லெல்லாம் மூடிவிடும். பூட்ஸ் வழுக்குவதே அதனால்தான். 25, 30 மிமீ ஓட்டைகள் வரிசையாகப் போடுங்கள்.

பட்டறைக்காரன்:
ஓட்டை போட்டால் தகடு பலவீனமாகும். சேற்றைக் கையால் தட்டிவிட்டால் போகிறது.

மணல்மேடு:
சேற்றுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது எந்தக் கையால் தட்டுவது? நெர்ஃப் பாரில் வலை கட்டுவதே சேறு கீழே விழுந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான்.

தகடுவேலை:
இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நடுப்பகுதியில் ஓட்டை போடலாம், மடிப்புக்குப் பக்கத்திலும் போல்ட் பக்கத்திலும் வேண்டாம். போல்ட் ஓட்டையின் மையம் ஓரத்திலிருந்து விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது உள்ளே இருக்கட்டும், எம்8 போல்ட் என்றால் 16 மிமீக்குக் குறையாமல். அறுத்த ஓரம், துளைத்த ஓரம் எல்லாவற்றையும் அரம் போட்டு ராவி, உப்புக்காகிதம் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஜிக்சா விட்டுப்போகிற சின்னச் சின்னப் பல் ஒவ்வொன்றும் விரிசலுக்கு ஒரு விதை. விழுந்தால் கெண்டைக்கால் படுகிற ஓரமும் அதுதான்.

ஒற்றைச்சிலிண்டர்:
மாட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதலில் செய்த ஜோடி மடிப்பில் உடையவில்லை, போல்ட் ஓட்டையில் உடைந்தது. முன்பக்கம் ஃபுட்பெக் பிராக்கெட்டிலும் பின்பக்கம் ஃபெண்டர் (மட்கார்டு) பிளாஸ்டிக்கிலும் இறுக்கிப் பூட்டியிருந்தேன். வண்டியின் சட்டம் ஒரு மாதிரி அதிரும், ஃபெண்டர் வேறு மாதிரி ஆடும், நடுவில் மாட்டிய தகடு இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அலுமினியத்துக்கு, இவ்வளவுக்குள் ஆடினால் எத்தனை தடவை ஆடினாலும் தாங்கும் என்கிற எல்லையே கிடையாது, சின்ன ஆட்டமும் சேர்ந்துகொண்டே போகும். நாலாவது ஓட்டத்தில் கழுவும்போது பார்த்தேன், போல்ட் வாஷருக்கு அடியிலிருந்து முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு எட்டிப்பார்த்தது. அடுத்த ஜோடியில் சட்டத்தில் மட்டும் இறுகப் பூட்டி, அடியில் ஒரு தாங்கு கம்பி கொடுத்து, ஃபெண்டர் பக்கம் ரப்பர் புஷ்ஷும் அகலமான வாஷரும் வைத்தேன். இன்றுவரை நிற்கிறது. நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள், சாதா நட்டு கழன்றுவிடும்.

வெல்டர்தம்பி:
ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவதாக இருந்தால் மரையில் ஆன்டி சீஸ் கிரீஸ் (இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது) தடவி, நைலான் வாஷர் வையுங்கள். ஈரத்தில் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும்.

பழைய_கியர்:
முக்கியமானதை ஒருவரும் சொல்லவில்லை. வண்டி நிற்கும்போது டயருக்கும் கார்டுக்கும் இடைவெளி இருக்கிறது என்று மாட்டிவிட்டுப் போகாதீர்கள். பின் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக் வைத்து ஆக்சிலை முழுவதுமாக மேலே தூக்கிப் பாருங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே போகும்போது டயர் ஒரு வில் மாதிரி நகரும், நிற்கும்போது இருந்த இடைவெளி அங்கே இருக்காது. எந்த நிலையிலும் 25 மிமீ விட்டு வையுங்கள், டயரில் சேறு அப்பினால் அதன் சுற்றளவே கூடிவிடும். இடதுபக்கம் கியர் லீவர், வலதுபக்கம் பிரேக் பெடல், இரண்டையும் பூட்ஸ் போட்டுக்கொண்டு முழுசாக அழுத்திப் பாருங்கள்.

வெல்டர்தம்பி:
இதை முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே. ரொம்ப உபயோகமான பதில்.

ஒற்றைச்சிலிண்டர்:
சேற்றுப்பாதை, ஞாயிறு முடிந்துவிட்டது. படமும் வரவில்லை. என்ன ஆயிற்று? பழைய தகட்டையே மாட்டிக்கொண்டு போகவில்லையே?

சேற்றுப்பாதை:
மன்னிக்கவும், வேலை நெருக்கடி. வண்டி எடுக்கவில்லை, பழைய தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆமாம், கோட்டை ஆணியால்தான் கீறியிருந்தேன், மூன்று தகட்டிலும் விரிசல் அந்தக் கோட்டிலேயேதான் ஓடியிருக்கிறது. 5052 3 மிமீ வாங்கி, 10 மிமீ கம்பி வைத்து, மார்க்கர் கோட்டில் இழைக்குக் குறுக்கே மடித்தேன். நகம் எங்கேயும் சிக்கவில்லை. இடதுபக்கம் மாட்டி ஷாக்கைக் கழற்றித் தூக்கிப் பார்த்தால் டயர் தகட்டைத் தொட்டது, பின் ஓரத்தில் 30 மிமீ வெட்ட வேண்டியிருந்தது. வலதுபக்கம் பிரேக் பெடல் இடிக்கிறது, அட்டையில் புது மாதிரி வெட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.