பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு: காரணம் காட்டு வேலையா, கருப்பையா?

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அக்கா):
என் தங்கைக்கு முதல் பிரசவம் சுகப்பிரசவம்தான். ஆனால் குழந்தை பிறந்து அரை மணி நேரத்துக்குள் ரத்தம் நிற்காமல் போய், இரண்டு யூனிட் ஏற்றிய பிறகே பிழைத்தாள். வலி கண்ட மறுநாள்தான் குழந்தை பிறந்தது, எடை 4.1 கிலோ. நிறைமாதத்தில் மஞ்சள் வெட்டுக்கு ஆட்களோடு காட்டில் நின்றதுதான் காரணம் என்று அவள் மாமியார் இன்றுவரை சொல்லி வருகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஏடானிக் பி.பி.ஹெச்.’ என்று இருக்கிறது. இப்போது அவளுக்கு மீண்டும் ஐந்தாம் மாதம். உண்மைக் காரணம் என்ன, மறுபடியும் வருமா?

பதில் 1 (ஓய்வு பெற்ற செவிலியர், ஈரோடு):
காட்டில் நின்றதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அந்த அம்மாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். கருப்பை சுருங்காததால் பிரசவத்துக்குப் பின் வந்த ரத்தப்போக்கு என்பதுதான் அந்தச் சீட்டில் எழுதியிருப்பதன் பொருள். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்தவுடன், அது ஒட்டியிருந்த இடத்து ரத்தக் குழாய்கள் திறந்தபடி நிற்கும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசை நார்கள் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல் இறுகி அவற்றை மூட வேண்டும். பெரிய குழந்தை, இரட்டைக் குழந்தைகள், மிகுந்த பனிக்குட நீர் ஆகியவற்றால் அளவுக்கு மீறி விரிந்த கருப்பையும், நீண்ட நேர வலியில் களைத்த கருப்பையும் இறுகத் தவறுகின்றன. உங்கள் தங்கைக்கு இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இத்தகைய ரத்தப்போக்கு வரும் பத்துப் பேரில் சுமார் ஏழு பேருக்குக் கருப்பை சுருங்காததே காரணம்.

பிரசவ அறையில் நாங்கள் முதலில் தொப்புளையொட்டி வயிற்றில் கை வைத்துப் பார்ப்போம். கருப்பை கெட்டியாக உருண்டு கைக்குப் படாமல் கொழகொழவென்று இருந்தால், தேய்த்துவிட்டு உறைந்த கட்டிகளை வெளியேற்றுவோம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் கருப்பை சுருங்காது என்பதால் அதையும் காலி செய்வோம். கருப்பை கெட்டியாக இருந்தும் சிவந்த ரத்தம் வடிந்துகொண்டே இருந்தால், பிறப்புப் பாதையில் கிழிசலைத் தேட வேண்டும். நஞ்சின் துண்டு உள்ளே தங்குவதும் உண்டு. அதனால்தான் வெளிவந்த நஞ்சை விரித்து, முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். ரத்தம் உறையாத கோளாறு அரிது.

பதில் 2 (தாளவாடியிலிருந்து):
எங்கள் பகுதியில் காரணத்தைவிடத் தூரமே பெரிய பயம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித்தான் சத்தியமங்கலம் சேர முடியும் என்பதால், நாள் நெருங்கும்போதே கர்ப்பிணியைக் கீழே உறவினர் வீட்டில் தங்க வைத்து விடுகிறோம்.

பதில் 3 (மகப்பேறு மருத்துவர், கோவை):
ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் பலருக்கு அடுத்த பிரசவம் சாதாரணமாகவே முடிகிறது. எந்த ஆபத்துக் காரணமும் இல்லாதவர்களுக்கும் இது வருவதால், குழந்தை பிறந்தவுடன், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் எல்லோருக்கும் போடப்படுகிறது. ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால், உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் ட்ரனெக்ஸாமிக் அமிலம் கொடுக்கிறோம். அதைப் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் உண்டு.

இப்போதே ஹீமோகுளோபினைப் பரிசோதித்து ரத்தசோகையைச் சரிசெய்யுங்கள். ரத்தம் குறைவாக உள்ள உடம்பு அரை லிட்டர் இழப்பைக்கூடத் தாங்காது. அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை ஒவ்வொரு பரிசோதனைக்கும் எடுத்துச் சென்று, ரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனையிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கேட்டவர்:
வீட்டுக்கு வந்த பிறகும் இப்படி ஆகுமா?

பதில் 1 (செவிலியர்):
ஆகலாம். ஆறு வாரம் வரையிலும், சில சமயம் அதற்குப் பின்னும்கூட வரும். பெரும்பாலும் உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டோ கிருமித் தொற்றோதான் காரணம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனைந்தாலோ, காய்ச்சலும் துர்நாற்றமும் இருந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.