முத்திரைத்தாளில் ஹால் டிக்கெட் அடித்துவிட்டது: ட்ரே செட்டிங்கை எளிமையாக்க என்ன வழி?

பாளை_டிடிபி:

வணக்கம். பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பாதி வேலை வக்கீல் குமாஸ்தாக்களும் பத்திர எழுத்தர்களும் கொண்டு வருவது, மீதி காலேஜ் பிள்ளைகள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து லேசர் பிரிண்டர் ஒன்றுதான். முன்னால் கதவு மாதிரித் திறக்கிற ட்ரே ஒன்று, கீழே இழுப்பறை இரண்டு. மேல் அறையில் ஏ4, கீழ் அறையில் பச்சை லீகல், முத்திரைத்தாள் வந்தால் கதவு ட்ரே.

போன வாரம் முக்கூடலிலிருந்து ஒரு பெரியவர் வாடகை ஒப்பந்தம் அடிக்க வந்தார். அவர் பெயருக்கு வாங்கிய 100 ரூபாய் தாளை கதவு ட்ரேயில் வைத்துவிட்டு, அடித்த வாசகத்தை அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த கம்ப்யூட்டரில் கடைப் பையன் ஒரு பிள்ளைக்கு ஹால் டிக்கெட் கொடுக்க, மெஷின் முத்திரைத்தாளை இழுத்து அதில் அடித்துவிட்டது. பெரியவர் சத்தம் போடவில்லை. தாளை வாங்கி, முத்திரைத்தாள் விற்கிற வெண்டர் அவர் பெயரை எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. புதுத்தாள் என் காசில் வாங்கினேன். ஆனால் வெண்டரிடம் வரிசையில் நின்று, திரும்ப எழுதி வாங்கி, அவருடைய மத்தியானம் முழுக்கப் போய்விட்டது.

பையன் மேல் தப்பில்லை, அவன் ஏ4 என்றுதான் கொடுத்திருக்கிறான். அவனிடம் “ட்ரே 1-ல் கொடுக்காதே” என்று சொல்லி வைத்திருந்தேன், அவன் மேல் இழுப்பறைதான் 1 என்று நினைத்திருக்கிறான். பார்த்தால் கதவு ட்ரேதான் 1-ஆம், மேல் அறை 2, கீழ் அறை 3. மெனுவுக்குள் மெனுவாகப் போனால் எது எந்த ட்ரேக்கு என்றே புரியவில்லை. இதை நிரந்தரமாகச் சரி பண்ணியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சர்வீஸ்_வண்ணார்பேட்டை:

தம்பி, இது நான் வாரத்துக்கு இரண்டு கடையில் பார்க்கிற சமாச்சாரம். உங்கள் கதவு ட்ரே “எனி சைஸ், எனி டைப்” என்று இருக்கும், மெஷின் வரும்போதே பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதற்கு அர்த்தம், அங்கே என்ன தாள் இருந்தாலும் எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். அதனால் அங்கே தாள் இருந்தால் முதலில் அதைத்தான் இழுக்கும். உள்ளே முத்திரைத்தாள் இருக்கிறதா காலித்தாள் இருக்கிறதா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது, தாள் இருக்கிறது என்பது மட்டும்தான் அந்தச் சென்சாருக்குத் தெரியும்.

மெஷின் பேனலில் ட்ரே செட்டிங்கில் போய் ட்ரே 1-க்கு சைஸ் லீகல், டைப் “ப்ரீபிரிண்டட்”, அதாவது ஏற்கெனவே அச்சடித்த தாள், என்று வையுங்கள். மற்ற இரண்டுக்கும் அவற்றின் சைஸோடு டைப் “ப்ளெயின்”. இனிமேல் ப்ரீபிரிண்டட் என்று கேட்டு வருகிற வேலை மட்டும்தான் முத்திரைத்தாளைத் தொடும். கூடவே “கேட்ட ட்ரேயை மட்டும் பயன்படுத்து” என்கிற மாதிரி ஒரு தேர்வு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஏ4 தீர்ந்ததும் வேறு ட்ரேயைத் தேடிப் போகும். டைப் என்பது பெயருக்கு இல்லை தம்பி, சூடும் வேகமும் அதைப் பார்த்துத்தான் மாறும். கெட்டி அட்டையை ப்ளெயின் என்று அடித்தால் டோனர் சரியாக உருகி ஒட்டாமல் விரலில் வரும்.

முதல் பக்கம் முத்திரைத்தாள், மற்றது பச்சை என்றால் வேர்டிலேயே வழி இருக்கிறது. பேஜ் செட்டப்பில் பேப்பர் என்கிற இடத்தில் முதல் பக்கத்துக்கு ஒரு ட்ரே, மற்ற பக்கங்களுக்கு ஒரு ட்ரே என்று தனித்தனியாகக் கேட்கும்.

கெட்டுப்போன தாளைக் கிழித்துப் போடாதீர்கள். 1899 முத்திரைச் சட்டம் 49-ஆம் பிரிவில் வீணான தாளுக்குப் பணம் கேட்க இடம் இருக்கிறது, தாள் அந்தப் பெரியவர் பெயரில் இருப்பதால் அவரை வைத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும், கெடு உண்டு.

சாரல்_தென்காசி:

அண்ணாச்சி சொன்னது சரி, அதை முதலில் செய்யுங்கள். நான் தென்காசிப் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் திரை வடிவமைக்கிற வேலை பார்க்கிறேன், அதனால் இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் கடையில் யாரும் “ட்ரே 2” என்று பேச மாட்டார்கள். பச்சைத்தாள், வெள்ளைத்தாள், பத்திரம் என்றுதான் பேசுவார்கள். அப்படியிருக்க பிரிண்டர் எண்ணைக் காட்டிக் கேட்பதுதான் கோளாறு. இதைக் கம்பெனிக்காரன் மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம், விண்டோஸில் ஒரே பிரிண்டரை, அதே போர்ட்டில், மூன்று தடவை சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வையுங்கள்: “வெள்ளை ஏ4”, “பச்சை லீகல்”, “பத்திரம் - முத்திரைத்தாள்”. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் பிரிண்டிங் டிஃபால்ட்ஸ் என்று இருக்கும், அங்கே ஒவ்வொரு பெயருக்கும் சைஸ், டைப், ட்ரே மூன்றையும் போட்டு வைத்துவிட்டால் பையன் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். வெள்ளை ஏ4-ஐ டிஃபால்ட்டாக வையுங்கள், அவசரத்தில் எதுவும் பார்க்காமல் அடித்தாலும் நஷ்டம் ஒரு வெள்ளைத்தாள்தான். அதே பெயர்களை எழுதி இழுப்பறை முகப்பிலும் ஒட்டுங்கள், பச்சைக்குப் பச்சை ஸ்டிக்கர்.

இந்தத் தொல்லை பழசு. பழைய ஹெச்பி லேசர்ஜெட்டில் “பிசி லோட் லெட்டர்” என்று ஒரு செய்தி வரும். பிசி என்றால் பேப்பர் கேசட், அதில் லெட்டர் சைஸ் தாள் வை என்பதுதான் அர்த்தம். எத்தனையோ பேர் அதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்தார்கள். 1980-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் லூசி சுச்மன் என்கிற மானுடவியலாளர், ஆட்கள் காப்பியர் மெஷினோடு மல்லுக்கட்டுவதை வீடியோ எடுத்தார். அதில் திணறியவர்கள் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள். உங்கள் பையனை நீங்கள் குறை சொல்லாதது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இணையத்தில் இறக்குகிற சில பிடிஎஃப் லெட்டர் சைஸில் இருக்கும், 216-க்கு 279 மில்லிமீட்டர். ஏ4 என்பது 210-க்கு 297. லெட்டர் தாளே நம் ஊரில் கிடையாது, ஆனாலும் மெஷின் அதைக் கேட்டு நிற்கும். “ஏ4/லெட்டர் ஓவர்ரைடு” என்று ஒரு தேர்வு இருக்கும், அதை ஆன் செய்தால் பேசாமல் ஏ4-இல் அடித்துவிடும்.

அம்பை_ஆபீஸ்:

நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு அலுவலகத்தில் 11 வருஷமாக இந்த மெஷின்களோடுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இழுப்பறையை மூடினதும் திரையில் ஒரு பெட்டி வரும், இந்தச் சைஸ்தானா, ஓகேயா, மாற்றணுமா என்று இங்கிலீஷில். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது யார் வாசிப்பார்கள், ஓகே அமுக்கி அமுக்கி விரலுக்குப் பழகிப்போய்விடும், அமுக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் அதுவே போய்விடும். அந்தப் பெட்டியில் கடைசியாக வைத்த மூன்று தாளின் படம், பச்சை என்றால் பச்சையாகவே காட்டி, எது என்று தொடச் சொன்னால் யாருக்கும் தப்பாது. கேட்கிற நேரம் சரிதான், தாள் கையில் இருக்கும்போதுதான் கேட்கிறது. கேட்கிற விதம்தான் சரியில்லை.

இன்னொன்று, இழுப்பறைக்குள் ஏ4, லீகல் கோடுகளைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே செதுக்கியிருப்பார்கள், டியூப்லைட்டில் ஒன்றும் தெரியாது. நான் ஒயிட்னரால் அந்தக் கோடுகளை நிரப்பி வைத்தேன். அதிலிருந்து பின்னால் இருக்கிற நீலக் கிளிப்பை யார் தள்ளினாலும் சரியான கோட்டில் நிற்கிறது, தாள் சாய்ந்து சிக்குவது குறைந்துவிட்டது.

பாளை_டிடிபி:

அண்ணாச்சி, தென்காசி நண்பர், அம்பை அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவைத்து எல்லாம் செய்தேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் மூன்று பெயர், ஸ்டிக்கர், ஒயிட்னர் கோடு. பையனே பெயர்களைச் சொன்னான், “பத்திரம்” மட்டும் போதும், முத்திரைத்தாள் என்று நீளமாக வேண்டாம் என்றான், அப்படியே வைத்துவிட்டோம். 4 நாளாக ஒரு தாளும் மாறிப் போகவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. கதவு ட்ரேயில் முத்திரைத்தாளின் முகம் மேலேயா கீழேயா, தலைப்பக்கம் உள்ளேயா வெளியேயா? உள்ளே இருக்கிற படம் எனக்குப் பிடிபடவில்லை.

சர்வீஸ்_வண்ணார்பேட்டை:

அது மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரு சாதாத் தாளில் பென்சிலால் உள்ளே பார்த்து ஒரு அம்பு போட்டு, அம்பு மேலே தெரிகிற மாதிரி வைத்து “பத்திரம்” என்று கொடுங்கள். எழுத்து அம்பு இருக்கிற பக்கத்தில் விழுந்தால் முகம் மேலே, பின்பக்கம் விழுந்தால் முகம் கீழே. எழுத்தின் தலை அம்பு முனைப் பக்கம் இருந்தால் தலைப்பக்கம் உள்ளே. அந்தத் தாளையே கதவின் உள்பக்கம் செல்லோ டேப் போட்டு ஒட்டிவிடுங்கள் தம்பி.