பழைய கொம்பியூட்டரில் லேசான லினக்ஸ்: வன்னியில் பாவிக்கிறவர்கள் சொல்லுங்கோ

பாலைமரம், விசுவமடு

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்த பிறகு, "ரீச்சர், உந்தப் பழைய கொம்பியூட்டரைக் கழிச்சுப்போட்டுப் புதுசு எடுக்கத்தான் வேணுமோ?" என்று கேட்டுக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். ஒரு புது லப்டொப்பின் விலை இங்கே பல வீடுகளில் ஒரு போகத்து நெல்லின் காசு. அதனால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில் நான் கண்டதை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கோ, கேட்டு வருகிறவர்களுக்குக் காட்டலாம்.

எங்கள் சனசமூக நிலையத்துக்கு 2019இல் ஆறு மேசைக் கணினிகள் வந்தன. கொழும்பில் ஒரு அலுவலகம் கழித்தவை. ஆறும் டெல் ஒப்டிபிளெக்ஸ் 760: கோர் 2 டுவோ, 2 ஜிபி றாம், 160 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 7. பொத்தானை அமத்திவிட்டுப் பிள்ளைகள் கிணற்றடிக்குப் போய்த் தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் திரை ஆயத்தமாகி இருக்காது. பென்டிரைவ் வைரஸ் அதைவிடக் கொடுமை. கோப்புறை எல்லாம் குறுக்குவழியாக மாறிப்போகுமே, அது வராத பென்டிரைவ் அந்த நாளில் எங்கள் ஊரில் இல்லை.

ஒருநாள் ஓ.எல் (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளை ஒருத்தி செய்த வேலை முழுக்கப் போயிற்று என்று அழுதபடி வந்து நின்றாள். கிளிநொச்சி அறிவியல் நகர் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி அன்று வீட்டில் நின்றான். தன் பென்டிரைவில் இருந்த லினக்ஸை, மெசினில் ஒன்றையும் அழிக்காமல், நேரே அதிலிருந்தே ஓடவிட்டு அவளுடையதைத் திறந்தான். கோப்புகள் எல்லாம் அங்கேயே இருந்தன. அந்த வைரஸ் அவற்றை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது. விண்டோஸின் அந்த மறைப்புக் குறியை லினக்ஸ் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான் சங்கதி. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு நான் யோசிக்கவில்லை. அடுத்த சனி ஞாயிறில் ஆறிலும் டெபியன் என்ற லினக்ஸ் வகையும், திரையில் தெரிகிற பகுதிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டொப்பும் ஏற்றினோம்.

எக்ஸ்எஃப்சிஇ புதிய சரக்கில்லை. 1996இல் ஒலிவியே ஃபூர்டான் தொடங்கியது. அதன் சின்னம் ஒரு எலி. கீழேயோ மேலேயோ ஒரு பட்டை, அதில் பட்டியல், மணிக்கூடு, திறந்திருக்கும் சாளரங்கள். விண்டோஸ் பழகிய பிள்ளைக்கு அரை மணித்தியாலம் போதும். எங்கள் மெசினில் டெஸ்க்டொப் வந்து நிற்கும்போது 450 எம்பி அளவு றாம்தான் பிடித்திருந்தது. சாளரங்களுக்கு நிழல் போடுகிற கொம்போசிட்டரையும் நிறுத்தினோம். பழைய கிறபிக்ஸுக்கு அது வீண் சுமை.

முதல் கிழமை எனக்குச் சரியான சந்தோசம். இரண்டாம் கிழமைதான் உண்மை தெரிந்தது. டெஸ்க்டொப் லேசாகிவிட்டது, இணையப் பக்கங்கள் லேசாகவில்லை. பயர்பொக்ஸில் ஒரு யூரியூப் பாடமும் இன்னும் மூன்று தாவல்களும் திறந்தால் 2 ஜிபியும் முடிந்து, ஹாட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். லினக்ஸ் போட்டால் பழைய மெசின் பறக்கும் என்று சொல்லித் தருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சொல்லாததால் இரண்டு கிழமையில் மனம் வெறுத்து விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கைகொடுத்தவை இவை. ஆறில் இரண்டு மெசின் மதர்போட் போய்ச் செத்துவிட்டன. அவற்றில் இருந்த நாலு 1 ஜிபி றாம் குச்சிகளையும் கழற்றி, மிச்ச நாலுக்கும் ஒவ்வொன்றாகப் போட்டு 3 ஜிபி ஆக்கினோம். இரண்டாவது, இசட்றாம்: றாமின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்து, டிஸ்க்குக்குப் போகவேண்டியதை அங்கேயே அடக்குகிற வழி. டெபியனில் ஒரு சிறு பொதியை நிறுவினால் வந்துவிடும். மூன்றாவது, காசு சேரச் சேர ஒவ்வொரு மெசினுக்கும் ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டில்லாத வேகமான 120 ஜிபி எஸ்எஸ்டி. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் என் சொல் எஸ்எஸ்டி. வேறு எதுவும் அந்த அளவுக்கு மாற்றம் தராது.

பாட வீடியோவை 480 தரத்தில் பார்க்கச் சொல்கிறேன், இழுத்தால் 360. யூரியூப் இப்போது அனுப்புகிற புது வகை வீடியோக்களைப் பிரித்துக் காட்டுகிற வசதி அந்தக் காலத்துக் கிறபிக்ஸில் இல்லை. முழுப் பாரமும் புரொசசரில் விழுகிறது. பழைய எச்264 வகையைக் கேட்டு வாங்குகிற ஒரு நீட்சி பயர்பொக்ஸுக்கு இருக்கிறது. அதைப் போட்டதும் காற்றாடியின் இரைச்சலே குறைந்தது.

வாய்க்கால்கரை, ஒட்டுசுட்டான்

என்ர லப்டொப்பின்ர பற்றறி 2018இலயே செத்திட்டுது. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினவை, ஞாபகம் இருக்கும். எத்தினை தரம் பட்டெண்டு நிண்டிருக்கும். ஒவ்வொரு தரமும் திரும்பப் போடேக்க கோப்பு முறைமை தன்ர நாட்குறிப்பைப் பாத்துத் தானாத் திருத்திக்கொண்டு எழும்பிடும். லினக்ஸ் டிஸ்க்கில பாவிக்கிற ஈஎக்ஸ்ரி4 முறைமையில அந்த ஏற்பாடு இருக்கு. சேமிக்காத எழுத்துத்தான் போகும். எழுத்து வேலைக்குப் பாவிக்கிற லிப்ரே ஒபிஸில ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கால் தானாச் சேமிக்கச் சொல்லி வைச்சன். இண்டைக்கும் அதே லப்டொப், அதே டிஸ்க்.

சங்கக் கணக்கு, முள்ளியவளை

நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒன்பது வருடம் செயலாளர். எங்கள் கதை வேகத்தைப் பற்றியது அல்ல, எழுத்தைப் பற்றியது.

சங்கத்தின் கூட்டக் குறிப்பு, கடன் பட்டியல், பிரதேச செயலகத்துக்குப் போன கடிதம் எல்லாம் பாமினியில் அடித்தவை. மகன் பழைய கொம்பியூட்டருக்கு லினக்ஸ் போட்டுத் தந்து, "அம்மா, இப்ப பாருங்கோ, எவ்வளவு கெதி" என்றான். நான் கடன் பட்டியலைத் திறந்தேன். அறுபத்திரண்டு பேரின் பெயரும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தன. நெஞ்சு பதறிப்போனது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊரில் ஒரு பட்டியல் தொலைவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்றும் தொலையவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது எப்போதும் ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் குழம்பிய ஆங்கிலமாகத் தெரியும். பழைய விண்டோஸில் இருந்த பாமினி கோப்பை எடுத்து எங்கள் வீட்டு அடைவுக்குள் எழுத்துருக்களுக்கான இடத்தில் வைத்தான். லிப்ரே ஒபிஸை மூடித் திறந்ததும் அறுபத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

ஆனால் நான் அத்தோடு விடவில்லை. பாமினியில் இருப்பதைத் தேடவும் முடியாது, போனில் அனுப்பினாலும் வாசிக்க முடியாது. எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றால் எல்லாவற்றையும் யூனிகோடாக்கினேன். மூன்று மாதம் பிடித்தது, ஒவ்வொரு பெயரையும் அடையாள அட்டைப் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் சேமித்தேன்.

தட்டச்சுக்குப் பயந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாமினி பழகிய விரல்களை மாற்றத் தேவையில்லை. லினக்ஸில் தமிழ் அடிக்க உதவுகிற ஐபஸ் என்ற மென்பொருளில் எம்17என் பொதியைச் சேர்த்தால் ரெங்கநாதன் விசைப்பலகை கிடைக்கும். பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பு. இடது கை வரிசையில் ய, ள, ன, க இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகை பழகட்டும். ஐம்பது வயதுக்காரியான எனக்கு இது போதும். சங்கத்தில் இன்னும் மூன்று பேருக்குப் பழக்கிவிட்டேன்.

ஒரு கொமினிக்கேசன், மாங்குளம்

எல்லாம் நல்லாப் போனதெண்டு மட்டும் எழுதப்படாது. என்ர கடையில பிரிண்டர்தான் சோறு போடுறது. அதின்ர மென்பொருளை லினக்ஸில ஓட வைக்க நாலு நாள் பாடுபட்டன், ஒரு பக்கம் வரும், அடுத்தது வெள்ளையா வரும். பஸ்ஸுக்கு நிக்கிற சனம் பிறப்புச் சான்றிதழைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கேக்க உது சரிவராது. முன் மெசினில திரும்ப விண்டோஸ் போட்டன். பின்னுக்கு இருக்கிற மெசினில லினக்ஸ்தான்: ஸ்கானிங், விண்ணப்பம் நிரப்புறது, பெறுபேறு பாக்கிறது. கடைக்காரர் பிரிண்டரை முதல் பென்டிரைவ் லினக்ஸில அடிச்சுப் பாத்துப்போட்டு முடிவெடுங்கோ.

திருத்தகம், வவுனியா

இருவது வருசமா மெசின் கழட்டிப் பூட்டுறன். ஆக்கள் லினக்ஸ் பிழை எண்டு கொண்டுவாறதில பாதி லினக்ஸ் இல்லை.

முதலாவது, மணிக்கூடு. மதர்போட்டில காசு மாதிரி ஒரு பற்றறி, சிஆர்2032. பழைய மெசினில அது செத்திருக்கும். கறண்ட் போய் வர நாள் பல வருசம் பின்னுக்குப் போயிடும். பிறகு பயர்பொக்ஸில எந்தத் தளமும் பாதுகாப்பில்லை எண்டு வரும், புதுப்பிப்பு எடுக்கப்போனா இன்னும் செல்லுபடியாகேல்லை எண்டு சொல்லும். தளத்தின்ர சான்றிதழ் தொடங்கின திகதிக்கு முந்தின நாளில மெசின் நிண்டா வேறென்ன செய்யும்? இதுக்காக மூண்டு தரம் லினக்ஸை அழிச்சு அழிச்சுப் போட்டவர் ஒருத்தர் வந்தவர். பற்றறியை மாத்தி, நாளைச் சரியாக்கினன். அவ்வளவுதான்.

ரெண்டாவது, புழுதி. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில எங்கட செம்மண் எங்க போகாது? புரொசசரின்ர காத்தாடிக்குள்ள மெத்தை மாதிரிப் படிஞ்சு கிடக்கும். சூடேறினா புரொசசர் தானா வேகத்தைக் குறைக்கும், சனம் மென்பொருளைத் திட்டும். வருசத்துக்கு ஒருக்கால் திறந்து ஊதுங்கோ, புரொசசருக்கு மேல பூசுற பேஸ்ட்டை மாத்துங்கோ. திரை வராமல் பீப் பீப் எண்டா றாமைக் கழட்டி, அதின்ர பொன் நிறப் பல்லை அழிரப்பரால மெதுவாத் தேச்சுப் பூட்டிப் பாருங்கோ.

மூண்டாவதுதான் இப்ப பெரிசு: 32 பிட் எண்ட பழைய வகைப் புரொசசர். கோர் 2 டுவோ எல்லாம் 64 பிட், அதுக்குப் பயமில்லை. பென்டியம் 4இல கனக்கவும், சின்ன நெட்புக்கில வந்த அட்டம் என்270உம் 32 பிட் மட்டுந்தான். குரோம் 2016இலயே 32 பிட் லினக்ஸை விட்டிட்டுது. 2025இல வந்த டெபியன் 13இல 32 பிட் நிறுவி இல்லை. பயர்பொக்ஸும் 144ஆம் பதிப்போட நிப்பாட்டிப்போட்டுது, அதின்ர நீண்டகாலப் பதிப்பு 140 மட்டும் 2026 செப்டெம்பர் வரை. டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அப்ப 32 பிட் மெசினைத் தட்டச்சு, கணக்கு, படிப்புக்கு வைச்சிருங்கோ. வங்கி அலுவலை அதில செய்யாதேங்கோ. இதை வாடிக்கையாளருக்கு ஒளிக்காமல் சொல்லிப்போட்டுத்தான் காசு வாங்கிறன்.

ஏ.எல் 2027, மல்லாவி

வணக்கம். அக்கா பாவித்த நெட்புக் ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டம் என்270, 1 ஜிபி றாம். அன்டிஎக்ஸ் 23 என்ற லேசான லினக்ஸின் 32 பிட் பதிப்பைப் போட்டிருக்கிறேன். அதன் ஐஸ்டபிள்யூஎம் டெஸ்க்டொப் வந்தவுடன் 200 எம்பிக்குக் கிட்டத்தான் றாம் பிடிக்கிறது. எனக்கு ஐசிரி (தகவல் தொழில்நுட்ப) பாடத்துக்குப் பைதன் நிரல்மொழி வேண்டும், அது நல்லாக ஓடுகிறது. ஓ.எல்லில் பாஸ்கல் நிரல்களையும் இதில்தான் ஃப்ரீ பாஸ்கலில் எழுதிப் பார்த்தேன். பாடசாலையில் எங்கள் முறை வரக் கிழமைக்கு நாற்பது நிமிசம்தான். வீட்டில் இது இல்லாவிட்டால் பிழை விட்டுப் பழக எனக்கு நேரமே கிடைத்திராது.

வைஃபை வேலை செய்யவில்லை. போனை யூஎஸ்பி வயரால் கொழுவி டேட்டாவைப் பகிர்ந்தேன், ஒன்றும் நிறுவாமலே இணையம் வந்தது. திரை உயரம் 600 புள்ளிதான், சில சாளரங்களின் கீழ்ப் பொத்தான்கள் வெளியே போய்விடும். ஆல்ட் விசையை அமத்திக்கொண்டு மவுஸால் இழுத்தால் மேலே வரும். லிப்ரே ஒபிஸ் திறக்க நிறைய நேரம் எடுப்பதால் எழுத அபிவேர்டும் கணக்குக்கு நியூமெரிக்கும் பாவிக்கிறேன். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பழகத் தொடங்கினால்தான் நெட்புக் திணறுகிறது. என்ன செய்யலாம்?

பாலைமரம், விசுவமடு

தம்பி, அட்டவணைகளையும் வினவல்களையும் பழக முதலில் எஸ்கியூலைட் போதும். பின்னணியில் ஒரு சேவையகம் ஓடாது, ஒரே ஒரு கோப்பு. அடிப்படைக் கட்டளைகள் அநேகமாக ஒன்றுதான். மைஎஸ்கியூஎல்லுக்கே உரியவற்றை எங்கள் நிலையத்து மெசினில் செய்து பார்க்கலாம். மல்லாவியில் இருந்து விசுவமடு தூரம்தான், ஆனாலும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறந்திருக்கும்.

திருத்தகம், வவுனியா

தம்பி, என்270 நெட்புக்கில றாம் இடம் அநேகமா ஒண்டுதான், 2 ஜிபி வரைக்கும் எடுக்கும். உள்ள 1 ஜிபியைக் கழட்டி, லப்டொப்புக்கான டிடிஆர்2 2 ஜிபி குச்சி ஒண்டு போடவேணும். செத்த லப்டொப்பில கழட்டினது என்னட்டைக் கிடக்கு, சோதிச்சும் பாத்திட்டன். காசு வேண்டாம். நாளைக்கு மத்தியானம் மல்லாவி பஸ்ஸில கொண்டக்டரிட்டைக் குடுத்துவிடுறன், பேப்பரில சுத்தி மேல "ஏ.எல் பெடியன்" எண்டு எழுதியிருப்பன். பூட்ட முதல் வயரையும் பற்றறியையும் கழட்டு. பல்லில கை படாமல் பிடி. கிளிக் எண்டு ரெண்டு பக்கமும் பூட்டுப்பட வேணும், இல்லையெண்டா திரை வராது.

ஏ.எல் 2027, மல்லாவி

சரி அண்ணை. பள்ளிக்கூடம் விட்டு நேரே பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.