லாங் ஆஃப்செட்ல கேதர் நுனி மேல வளைஞ்சா உடனே வெலாசிட்டிய ஏத்தாதீங்க

சீஸ்மிக் சர்வேல (பூமிக்குள்ள அலைய அனுப்பி, பாறைல பட்டு திரும்பறத பதிவு பண்றது) லாங் ஆஃப்செட் டேட்டால, அதாவது அலை கெளம்பற எடத்துக்கும் ரிசீவருக்கும் தூரம் அதிகமா இருக்கற டேட்டால, வெலாசிட்டி பிக்கிங் (அலை வேகத்த தேர்ந்தெடுக்கறது) பண்ணவங்க பட்ட அனுபவத்த இங்க எழுதுங்க, நானே ஆரம்பிக்கறேன். கேதர்னு சொல்றது ஒரே எடத்துக்கான ட்ரேஸ்கள (ஒவ்வொரு ரிசீவர் பதிவு) ஆஃப்செட் வரிசைல அடுக்குனது.

வேலைக்கு சேந்த புதுசுல என் கைக்கு வந்தது 8 கிலோமீட்டர் ஸ்ட்ரீமர்ல (கப்பல் இழுத்துட்டு போற ரிசீவர் கேபிள்) எடுத்த மரைன் டேட்டா, டார்கெட் சுமாரா இரண்டரை கிலோமீட்டர் ஆழம், அதுக்கு மேல பூரா ஷேல் (களிமண் பாறை). என்எம்ஓ (ஆஃப்செட்டால வர்ற தாமதத்த கழிச்சு ஈவன்ட்ட, அதாவது ரிஃப்ளெக்ஷன, நேராக்கற திருத்தம்) போட்டு பாத்தா நியர் ட்ரேஸ்லாம் நேரா கெடக்கு, ஃபார் பக்கம் மட்டும் ஹாக்கி ஸ்டிக் மாதிரி மேல வளைஞ்சு நிக்குது. வெலாசிட்டி கம்மியா பிக் பண்ணிட்டோம் போலன்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஏத்தி மொத்த கேதரும் ஓரளவு சமமா தெரிஞ்ச எடத்துல நிறுத்திட்டேன், செம்ப்ளன்ஸும் (ஒரு வெலாசிட்டிக்கு ட்ரேஸ்லாம் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு காட்டற அளவு) அதுக்கு ஒத்துப்போச்சு, ஏன்னா ஃபார் ட்ரேஸ் தானே எண்ணிக்கைல அதிகம். கடைசில ஆழம் கணக்கு போட்டா ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டிய எடத்த விட கீழ போயிருச்சு, கிணத்து டேட்டாவோட ஒட்டவே இல்ல.

அப்ப ஒரு சீனியர் பக்கத்துல வந்து உக்காந்து, "தம்பி, ஃபார் பக்கத்த மறைச்சுட்டு நியர மட்டும் பிக் பண்ணு, அப்புறம் மறைச்சத தொற"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு, மிச்சத்த நான் கணக்கு போட்டு பாத்துதான் புரிஞ்சுக்கிட்டேன். அலை வர்ற நேரம் ஆஃப்செட்டோட எப்படி ஏறும்னு நாம நம்புற ஹைபர்போலா வளைவு, ஆஃப்செட் ஆழத்துக்கு சமமா இருக்கற வரைக்கும் தான் ஒழுங்கா ஓடும். டீ சீரோ (ஆஃப்செட் சீரோல அலை போய் வர்ற நேரம்) 2 செகண்ட், வெலாசிட்டி செகண்டுக்கு 2500 மீட்டர், ஈட்டா (ஹைபர்போலாவ விட்டு எவ்ளோ விலகுதுன்னு சொல்ற எண்) 0.1னு வச்சுக்கங்க, 2500 மீட்டர் ஆஃப்செட்ல ஹைபர்போலாவ விட அலை 9 மில்லிசெகண்ட் தான் முந்தி வருது, அதுவே 5000 மீட்டர்ல 65 மில்லிசெகண்ட்! 30 ஹெர்ட்ஸ்ல அது ரெண்டு சைக்கிள். ஷேல்ல அலை படுக்கைவசமா வேகமா போறதால வர்றது இது, வெலாசிட்டிய ஏத்தி இத சரிபண்ண பாத்தா நியர் பக்கம் கெட்டுப்போகும். அதனால மொதல்ல நியர்ல வெலாசிட்டி, அத அப்படியே வச்சுட்டு ஃபார்ல ஈட்டா, அப்புறம் ரெண்டையும் சேத்து ஒரு சுத்து. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், அந்த ஈட்டா முழுக்க அனைசோட்ரோபி (திசைக்கு ஏத்த மாதிரி வேகம் மாறறது) இல்ல, வெலாசிட்டி அடுக்கடுக்கா மாறுறதால வர்ற வளைவும் அதுலயே கலந்துருக்கும்.

பதில்:

அண்ணா, உங்க கணக்கையே எடுத்துக்கறேன். எங்க ஃப்ளோல 30 சதவீத ஸ்ட்ரெச் மியூட் (என்எம்ஓல அலை அதுக்கு மேல இழுபட்டா அந்த பகுதிய வெட்டறது) முன்னாடியே போட்டு வச்சுருந்தாங்க, அதே 2 செகண்ட் ஈவன்ட்டுக்கு 4150 மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் வெட்டுப்பட்டுருச்சு, அதாவது ஈட்டாவ காட்டிக்குடுக்கற ட்ரேஸ் தான் மொதல்ல போச்சு. எனக்கு வளைவே பெருசா தெரியல, ஆனா ஈட்டா மேப் மட்டும் எடத்துக்கு எடம் தாவுது, ஒரு வாரம் பிக்க குத்தம் சொல்லிட்டு இருந்தேன். மியூட்ட தளர்த்திட்டு திரும்ப பிக் பண்ணதும் மேப் அமைதியாயிடுச்சு. ஸ்டாக்குக்கு (ட்ரேஸ்கள கூட்டறது) வேற மியூட் வச்சுக்கலாம், பிக்கிங்குக்கு போட்றத தனியா வைங்க, 5000ல ஸ்ட்ரெச் 41 சதவீதம் வருது, அத ஸ்டாக்ல சேத்தா ஹை ஃப்ரீக்வென்சி போயிரும்.

பதில்:

எனக்கு நடந்தது வேற மாதிரி. சேண்ட் டாப் (மணல் அடுக்கோட மேல்பரப்பு) ஒண்ணு, நியர்ல பாசிட்டிவ், நடுவுல மங்கி, ஃபார்ல நெகட்டிவ். கேதர கண்ணால பாத்தா ஈவன்ட் நேரா தெளிவா இருக்கு, செம்ப்ளன்ஸ்ல அந்த வெலாசிட்டில பீக்கே இல்ல, ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்குது. ப்ளஸும் மைனஸும் கூட்டினா அடிச்சுக்கிட்டு போயிரும்ல, அதான். ஆட்டோ பிக்கர் போய் ஒரு பக்கத்து பீக்க புடிச்சுருச்சு, அதுக்கு மேல ஈட்டா வேற போட்டு ஏவிஓ க்ரேடியன்ட் (ஆஃப்செட்டோட ஆம்ப்ளிட்யூட் மாறற வீதம்) வரைக்கும் தப்பா போச்சு. ஆம்ப்ளிட்யூட் ஆஃப்செட்டோட மாறலாம்னு விட்டுக்குடுக்கற ஏபி செம்ப்ளன்ஸ் போட்டு பாத்தேன், சரியான எடத்துல பீக் வந்துச்சு, ஆனா ரொம்ப அகலமா வருது, எல்லா எடத்துலயும் அத ஓட்டாதீங்க. போலாரிட்டி திரும்பற ஹொரைசன்ல மட்டும் அது, மத்ததுக்கு சாதா செம்ப்ளன்ஸே போதும். பிக் பண்ணி முடிச்சதும் கேதர கண்ணால ஒரு தடவ பாத்துட்டு தான் அடுத்த லைனுக்கு போறேன் இப்பல்லாம்.

மொத போஸ்ட் போட்ட சார், ரேடான் டீமல்டிபிள (பல தடவ எதிரொலிச்சு வர்ற அலைய நீக்கறது) நீங்க ஈட்டாக்கு முன்னாடி ஓட்டுனீங்களா பின்னாடியா? முன்னாடி ஓட்டுனப்போ எனக்கு ஃபார் பிரைமரி (ஒரே தடவ பட்டு திரும்பின அலை) கொஞ்சம் கரைஞ்சுபோச்சு.